கார் வண்ணப்பூச்சைச் சீர்செய்ய: பாலிஷ் மெஷினும் துணைப்பொருள்களும் தேர்ந்தெடுக்கும் முறை

கறுப்பு அல்லது கருநீல நிறக் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். காரைக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தியதும், பானெட்டின் மேல் விழும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நுண்ணிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். உண்மையில் அந்தக் கோடுகள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிராய்ப்புகளில், ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம்போலத் தோன்றுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை சாலையில் ஏற்பட்டவையும் அல்ல. அதிகாலையில் தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பதும், ஒரே வாளித் தண்ணீரில் துணியை அலசி அலசிக் கழுவுவதும்தான் இவற்றுக்குக் காரணம். இதோடு போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்து விட்டுச்செல்லும் வெள்ளைத் திட்டுகளும் சேர்ந்துகொண்டால், மூன்று ஆண்டுக் கார் பத்து ஆண்டுக் காராகத் தெரியும்.

இவற்றைப் பாலிஷ் மெஷினால் நீக்க முடியும். ஆனால் 'நீக்குதல்' என்று நாம் சொல்வது எதை என்று முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இக்காலக் கார்களில் உலோகத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பூச்சு ஆகியவை அடுக்கடுக்காக இருக்க, அனைத்துக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் இருக்கிறது. தொழிற்சாலையில் பூசப்படும் கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது நகல் எடுக்கும் காகிதத்தின் ஒரு தாளில் பாதிகூடச் சரியாக இருக்காது. கோடுகள் மறைவதற்கு, அவற்றின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துகிறோம். குழியை நிரப்புவதில்லை, மேட்டைத்தான் குறைக்கிறோம். குறைந்தது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதே அடுக்குதான் என்பதால், மெஷின் முதல் துணிவரை எதை வாங்கினாலும், 'எவ்வளவு வேகமாகத் தேய்க்கும்?' என்பதைவிட 'எவ்வளவு குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்க உதவும்?' என்ற கேள்வியையே முன்னிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே கடைக்குப் போகும் முன் காரைப் படியுங்கள். கோட்டின் குறுக்காக விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால், அந்தக் கீறல் பாலிஷால் போகாத ஆழத்தில் இருக்கிறது. அதை முழுதும் நீக்க முயல்வது கிளியர் கோட்டையே இழப்பதாகும். அதன் ஓரங்களை மழுக்கிக் கண்ணை உறுத்தாமல் செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெளுத்து, வெயிலில் காய்ந்த தோல்போல உரிந்திருந்தால் மெஷினுக்கு அங்கே வேலையே இல்லை, மறுபூச்சுதான் வழி. பழைய அம்பாசிடர், மாருதி 800 போன்றவற்றின் ஒற்றை அடுக்குப் பூச்சில் கிளியர் கோட்டே இல்லாமல் நிறமே மேற்பரப்பாக இருக்கும். பாலிஷ் செய்யும்போது, மெஷினில் மாட்டித் தேய்க்கும் மெத்தை போன்ற பேடில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் அஞ்ச வேண்டாம், ஆனால் இன்னும் அளவோடு செய்ய வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

பூச்சின் தடிமனை அளக்கும் கருவி ஒன்றை இயன்றால் இரவலாகவேனும் பெறுங்கள். அது கிளியர் கோட்டைத் தனியாக அளக்காது, மொத்தத் தடிமனைத்தான் காட்டும். ஆனால் மற்ற இடங்களிலெல்லாம் 110, 120 மைக்ரான் என்று காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 250-ஐத் தாண்டினால் அந்தக் கதவு மறுபூச்சு பெற்றது என்றும், 600, 800 என்று ஏறினால் அடியில் பட்டி போட்டிருக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளலாம். மறுபூச்சு பெற்ற பகுதிகள் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், தொழிற்சாலைப் பூச்சுக்குப் பொருந்திய பேடும் காம்பவுண்டும் (தேய்க்கும் துகள் கலந்த பசை) அங்கே பொருந்தாமல் போகலாம். பிளாஸ்டிக் பம்பரின் மேல் இந்த வகைக் கருவி வேலை செய்யாது, அங்கே கண்ணையும் பொறுமையையும் மட்டுமே நம்ப வேண்டும்.

இனி மெஷினுக்கு வருவோம். கடைகளில் பஃபிங் மெஷின், பாலிஷர் என்று பொதுப்பெயரில் விற்கப்படுபவை அடிப்படையில் மூன்று வகை. முதலாவது ரோட்டரி. அதன் பேட் ஒரே அச்சில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 3000 சுற்றுகள் நேராகச் சுழலும். அழுத்தினாலும் நிற்காது. டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளில் பல ஆண்டுகளாகப் புழங்குவது இதுதான், பழகிய கையில் இதைவிட விரைவாக வேலை செய்யும் கருவி இல்லை. ஆனால் எல்லா வெப்பமும் ஒரே பாதையில் குவிவதால், ஓரத்திலோ மடிப்பிலோ ஒரு கணம் தயங்கி நின்றாலும் பூச்சு கருகிவிடும். சரியாக முடிக்கத் தெரியாவிட்டால், பழைய கோடுகள் போய் அவற்றின் இடத்தில் வெயிலில் அலையலையாக நகரும் ஒளித்தடங்கள் வந்துவிடும். இவற்றைத் துறையில் ஹாலோகிராம் என்பார்கள். பட்டறையிலிருந்து 'பாலிஷ் போட்டு' வந்த கார் நிழலில் பளபளத்து வெயிலில் ஏமாற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான் முதன்முதலில் கையில் எடுத்ததும் ரோட்டரிதான். எங்கள் பழைய கறுப்புக் காரின் பானெட் ஓரத்தில், தகடு கீழ்நோக்கி வளையும் இடத்தில், பேடை இரண்டு மூன்று விநாடிகள்தான் கூடுதலாக வைத்திருப்பேன். நூல் தடிமனில் ஒரு சாம்பல் நிறக் கோடு எழுந்தது. காம்பவுண்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது பிரைமர். கிளியர் கோட்டும் கறுப்பும் போய் அடியில் இருந்த அடுக்கு வெளியே வந்திருந்தது. விளிம்புகளிலும் உடலின் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியதாகப் படியும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். வீட்டில் முதல்முறையாகச் செய்பவர்கள் ரோட்டரியை வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

இரண்டாவது வகை டூயல் ஆக்‌ஷன் எனப்படும் இரட்டை இயக்க மெஷின். இதன் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மையத்திலிருந்து விலகிய ஒரு சிறு வட்டப்பாதையிலும் ஓடும். பூமி தானும் சுழன்று சூரியனையும் சுற்றுவதுபோல என்று நினைத்துக்கொள்ளலாம். பேடின் சுழற்சி தளர்வாக விடப்பட்டிருப்பதால், அதிகம் அழுத்தினால் அல்லது ஓரத்தில் சாய்த்தால் அது தானாக நின்றுவிடும். வெப்பம் பரவலாகிறது, ஒரே திசையில் தடம் விழுவதில்லை. வீட்டில் செய்பவருக்கு இதுவே ஏற்றது. மூன்றாவது வகையில் இதே இரட்டை இயக்கம் பற்சக்கரத்தால் கட்டாயமாக இயக்கப்படுவதால் அழுத்தினாலும் சுழற்சி நிற்காது. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் மெஷின்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. கடினமான பூச்சுகளில் நல்ல பலன் தரும் என்றாலும், அதிர்வும் எடையும் மிகுதி. முதல் மெஷினாக நான் பரிந்துரைப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கையில் இருக்கும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டிப் பாலிஷ் செய்யலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவி நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுகள் வரை சுழல்வது. பேட் கிழிந்து பறப்பதும் பூச்சு நொடியில் எரிவதும் ஒருபுறம் இருக்க, கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

இரட்டை இயக்க மெஷினைத் தேர்வு செய்யும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் அளவைவிட முதலில் பார்க்க வேண்டியது, பேட் ஓடும் அந்தச் சிறு வட்டத்தின் விட்டம். இதைத் த்ரோ என்கிறார்கள். 8 மில்லிமீட்டரில் தொடங்கி 12, 15, 21 மில்லிமீட்டர் வரை கிடைக்கின்றன. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் மெஷின்களைப் பரவலாக்கிய பிறகு நீண்ட த்ரோ நல்லது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பெரிய, தட்டையான பானெட்டிலும் கூரையிலும் அது உண்மையே. ஆனால் நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களின் கதவுகளில் மடிப்பும் குழிவும் அதிகம், அங்கே 21 மில்லிமீட்டர் மெஷினின் பேட் அடிக்கடி நின்றுபோகும். ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால், 125 மில்லிமீட்டர் பேக்கிங் பிளேட்டும் (பேடை ஒட்டும் தட்டு) 12 அல்லது 15 மில்லிமீட்டர் த்ரோவும் உள்ளதை வாங்குங்கள். தூண்களுக்கும் கண்ணாடி மூடிகளுக்கும் பம்பரின் குறுகிய இடங்களுக்கும் 75 மில்லிமீட்டர் பிளேட் தேவைப்படும். அதே மெஷினில் சிறிய பிளேட்டை மாட்டினால் எடைச்சமன் குலைந்து அதிர்வு கூடும் மாடல்கள் உண்டு என்பதால், தயாரிப்பாளர் அதை அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேகத்தைப் படிப்படியாக மாற்றும் சக்கரமும், சுவிட்சை அழுத்தியதும் திடீரென்று துள்ளாமல் மெல்ல வேகமெடுக்கும் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். கடையில் மெஷினை இரு கைகளாலும் தோள் உயரத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கதவில் பாலிஷ் செய்யும்போது அப்படித்தான் பிடிக்கப் போகிறீர்கள், அதுவும் மணிக்கணக்கில். பேக்கிங் பிளேட் தேய்ந்தால் மாற்றுப் பிளேட் தனியாகக் கிடைக்குமா, அதன் திருகு அளவு என்ன, கார்பன் பிரஷ் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத மெஷின்கள் எல்லாம் மோசமானவை அல்ல, ஆனால் பிளேட்டின் வெல்க்ரோ உருகிப்போன நாளில் மாற்று கிடைக்காமல் ஓர் அலமாரிப் பொருளாகிவிடும். நீட்டிப்பு வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிய வயர் சூடாகும்.

மெஷின் வாங்கி வந்ததும் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு மங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்தால் பேட் சுழல்கிறது, கோடு ஓரிடத்தில் நின்று நடுங்கினால் பேட் வெறுமனே அதிர்கிறது, பூச்சின் சிராய்ப்புகள் நீங்காது. கதவின் மடிப்பை நெருங்கும்போது அந்தக் கறுப்புக் கோடு மெதுவாகி, தயங்கி, நின்றுவிடுவதைக் காணலாம். உடனே கையின் அழுத்தத்தைத் தளர்த்தி மெஷினை மேற்பரப்புக்கு இணையாகத் திருத்தினால் மீண்டும் சுற்றத் தொடங்கும். எந்தப் பாடத்தையும்விட இந்த ஒரு கோடு நிறையக் கற்றுத்தரும்.

பேடுகளுக்கு வருவோம். என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது மெஷின் அல்ல, பேடுதான், ஆனால் பலரும் பணமெல்லாம் மெஷினில் போட்டுவிட்டு இரண்டே இரண்டு பேடுகளோடு தொடங்குகிறார்கள். செம்மறியாட்டுக் கம்பளிப் பேட் அதிகம் தேய்க்கும், சூடு குறைவு, ஆனால் தன் தடங்களை விட்டுச்செல்லும். மைக்ரோஃபைபர் பேடும் நன்றாகத் தேய்க்கும், மென்மையான பூச்சில் மங்கலாக்கும். நுரைப் பேடுகளில் தேய்ப்பதற்கானது, பளபளப்பாக்குவதற்கானது, இறுதி மெருகுக்கானது என்று கடினம் குறைந்துகொண்டே போகும் வரிசை உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு தேய்ப்பதற்கு என்றால் இன்னொன்றின் ஆரஞ்சு மெருகுக்கு, நிறத்துக்குப் பொதுவிதி எதுவும் இல்லை.

அளவில் கவனம் வேண்டும். பேட் எப்போதும் பிளேட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 125 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 140 அல்லது 150 மில்லிமீட்டர் பேட் சரியாக இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பிளேட்டின் கடினமான விளிம்பு பூச்சில் இடிக்கும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரு நடுத்தரக் காருக்கு இடைநிலைப் பேட் (பளபளப்பாக்குவதற்கானது) நான்கு அல்லது ஐந்து, தேய்க்கும் பேட் இரண்டு, மெருகுப் பேட் இரண்டு, 75 மில்லிமீட்டரில் இடைநிலைப் பேட் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பகுதிகளைச் செய்ததும் நுரை ஈரத்தில் ஊறிச் சூடேறித் தளர்ந்துவிடும். தளர்ந்த பேட் தேய்க்கவும் தேய்க்காது, அதிலே சேர்ந்திருக்கும் கிளியர் கோட் துகள் புதிய கோடுகளையும் போடும். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை மாட்டுவதற்குத்தான் இத்தனை எண்ணிக்கை.

காம்பவுண்டிலும் பாலிஷிலும் தேய்க்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள்தான். சிலவற்றில் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும், அவற்றை முழுச் சுற்றும் முடியும்வரை ஓட்ட வேண்டும். வேறு சிலவற்றில் துகள் தொடக்கத்திலிருந்தே ஒரே நுண்மையில் இருக்கும். மெக்வையர்ஸ் நிறுவனத்தின் எம்105, எம்205 இரண்டும் இந்த இரண்டாம் வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள், முன்னது தேய்ப்பதற்கு, பின்னது மெருகுக்கு. மென்சர்னா, 3எம், ரூபெஸ் போன்றவற்றிலும் இப்படிப்பட்ட இணைகள் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரு காம்பவுண்டு, ஒரு மெருகுப் பாலிஷ், இரண்டும் 250 மில்லிலிட்டர் அளவில் போதும். கையால் தேய்ப்பதற்கென்று டப்பாவில் விற்கும் சொரசொரப்பான ரப்பிங் பேஸ்ட்டை மெஷினில் பயன்படுத்த வேண்டாம். கோடுகளை எண்ணெயாலும் நிரப்பிகளாலும் மறைத்து, நான்கு முறை கழுவியதும் மீண்டும் காட்டிவிடும் பாலிஷ்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஆறு பங்கு கலந்து ஒரு தெளிப்புப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை முடித்ததும் இதைத் தெளித்துத் துடைத்த பிறகும் கோடுகள் தெரியவில்லை என்றால்தான் அவை உண்மையிலேயே நீங்கியுள்ளன.

மைக்ரோஃபைபர் துணிகள் 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்குக் கிராம்) எடையில், ஓரத் தையல் இல்லாதவையாகக் குறைந்தது இருபது வாங்குங்கள். அவற்றில் உள்ள லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள், அந்தச் சிறு துண்டே கோடு போடும். தரையில் விழுந்த துணியை அன்று மீண்டும் காரில் வைக்காதீர்கள். மாஸ்கிங் டேப், பேடைச் சுத்தம் செய்ய ஒரு மென்மையான பிரஷ், மூக்குக்கு முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவற்றைச் சொல்லத் தேவையில்லை. விளக்கை மட்டும் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்: டியூப் லைட்டின் பரவிய வெளிச்சத்தில் கோடுகள் மறைந்துகொள்ளும், ஒரே புள்ளியிலிருந்து வரும் எல்.இ.டி. டார்ச்சின் கூரிய ஒளியில்தான் வெளிப்படும். நல்ல டார்ச் ஒன்று இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

காரை நன்றாகக் கழுவிய பிறகு, மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை வருடிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பையின் ஊடாக உப்புத்தாள்போல் நெருநெருக்கும். அவை பூச்சில் பதிந்த இரும்புத் துகளும் தாரும் தூசியும். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் துகளை, தெளித்ததும் ஊதா நிறமாகிக் கசியும் அயர்ன் ரிமூவர் கரைக்கும். மிச்சத்தைக் களிமண் போன்ற கிளே பார் எடுக்கும். கிளேயைச் சோப்பு நீர் வழுக்கலில்லாமல் ஓட்டக் கூடாது, கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். போர்வெல் நீரின் திட்டுகள் புதியவை என்றால் தண்ணீர் கலந்த வினிகரிலேயே கரையும், பூச்சை அரித்து இறங்கியவை மட்டுமே பாலிஷுக்கு வரட்டும். இந்த வேலைகளைத் தவிர்த்துவிட்டு நேராக மெஷினை வைத்தால், பேட் அந்தத் துகள்களையே எடுத்துக் காரெங்கும் கோலம் போடும். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர், எழுத்துகள், கூரான விளிம்புகள் அனைத்தின் மேலும் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காய்ந்த காம்பவுண்டின் வெள்ளைக் கறை எளிதில் போகாது.

இப்போது பானெட்டில் 45 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் குறித்து, மெருகுப் பேடும் மெருகுப் பாலிஷும் கொண்டு சோதனை செய்யுங்கள். பேடில் பட்டாணி அளவு நான்கைந்து துளிகள் போதும். மெஷினை ஓடவிடாமல் நான்கு இடங்களில் தொட்டு, மிகக் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நான்கு அல்லது ஐந்தாம் எண் வேகத்தில், மெஷினின் எடையோடு கையின் எடையும் சற்றே சேர, விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். கிடைவாக்கில் ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை என மாறி மாறி நான்கு முதல் ஆறு முறை போதும். துடைத்து, ஆல்கஹால் தெளித்து, டார்ச்சை அடித்துப் பாருங்கள். கோடுகள் நீங்காமல் இருந்தால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள், அதிலும் நீங்காவிட்டால் காம்பவுண்டுக்குப் போங்கள். எண்பது விழுக்காடு நீங்கும் சேர்க்கை கிடைத்துவிட்டால் அதோடு நின்றுகொண்டு, அதே சேர்க்கையில் முழுக் காரையும் செய்யுங்கள். மீதமிருக்கும் ஆழமான கோடுகளைத் துரத்துவதற்காகக் கிளியர் கோட்டைச் செலவழிப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு முறை இதைச் செய்ய வேண்டிவரும், அப்போது தேய்க்க ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயில் இந்த வேலைக்குப் பகை. வெயிலில் நின்ற காரின் தகடு சூட்டில் காம்பவுண்டு ஒரு நிமிடத்தில் காய்ந்து பொடியாகும். நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, அதாவது விடியற்காலை முதல் பத்து மணிவரையோ மாலை ஐந்துக்குப் பிறகோ செய்யுங்கள். தகட்டைப் புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் நிறுத்துங்கள். பம்பரில் இது இன்னும் முக்கியம், உலோகம்போல பிளாஸ்டிக் வெப்பத்தைப் பரப்பிவிடாது. வேகத்தை ஒரு படி குறைத்து, பாதி முறைகளே ஓட்டுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷால் சுரண்டிவிட்டே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒருவர் தனியாகச் செய்தால் நடுத்தரக் காருக்கு ஒரே சேர்க்கையில் முடியும் ஒரு கட்டப் பாலிஷ் ஒரு முழுநாள் ஆகும், காம்பவுண்டு, மெருகு என இரண்டு கட்டம் என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முடித்த அன்றே கிளியர் கோட்டைக் காக்கும் வாக்ஸோ சீலண்டோ பூச வேண்டும். கார்னவுபா மெழுகு நம் வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை, செயற்கைச் சீலண்ட் சில மாதங்கள் தாங்கும். செராமிக் காப்புப் பூச்சு பூச நினைப்பவர்கள் ஆல்கஹால் துடைப்பைக் காரெங்கும் செய்துவிட்டுப் பூசுங்கள், எண்ணெய்ப் படலத்தின் மேல் அது ஒட்டாது. பேடுகளைக் காயவிடாமல் அன்றைக்கே வெதுவெதுப்பான சோப்பு நீரில் கசக்கிக் கழுவி, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, நுரைப்பக்கம் கீழே இருக்குமாறு நிழலில் உலர்த்துங்கள். நீர் வெல்க்ரோ ஒட்டியிருக்கும் பக்கம் தேங்கினால் பசை விடும். மெஷினை வைக்கும்போது பேட் மாட்டிய நிலையில் அதன் மேல் சாய்த்து வைக்காதீர்கள், நுரை ஒருபக்கம் அமுங்கி அடுத்த முறை அதிரத் தொடங்கும். மறுநாள் காலை காரில் தூசி படிந்திருக்கும். உலர்ந்த துணியை எடுக்காமல், முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அந்தத் தூசியை இறக்கிவிடுங்கள்.